அகலக்கால் வேண்டாம்: ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பெண்கள் உடற்பயிற்சியைத் தொடங்கும் முறை

ஸ்ரீரங்கத்தில் கீழ உத்திர வீதியில் இருக்கிறது என் வீடு. வாசலிலிருந்து தெருமுனை வரை போய்த் திரும்ப நான்கு நிமிடம் ஆகும். என் உடற்பயிற்சி அந்த நான்கு நிமிடத்தில்தான் தொடங்கியது. அதற்கு முன் மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் படுத்துவிட்டேன். உடம்பு லேசாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் விறுவிறுவென்று நடந்துவிட்டு, திங்கள் முதல் வியாழன் வரை பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதியதும் அதில் அடக்கம்.

மருந்துச் சீட்டின் அடியில் "தினமும் நடக்கவும்" என்று இரண்டே சொல் இருந்தது. எவ்வளவு, எப்போது, வலித்தால் நிறுத்துவதா தொடர்வதா என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல, ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெங்கும் மாதக்கணக்கில் வலியும், கூடவே களைப்பும் தூக்கக் கெடுதலும் தரும் நோய்) உள்ள நோயாளி. உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

உடற்பயிற்சி வீண் வேலையோ என்ற சந்தேகம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்கள் கூட்டமைப்பு இந்த நோய்க்கான பரிந்துரைகளை 2016-இல் திருத்தியபோது, மருந்துகள் உட்பட எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்து, உடற்பயிற்சி ஒன்றுக்கு மட்டுமே 'வலுவான பரிந்துரை' என்று முத்திரை குத்தியது.

1. நோயின் பெயரை எழுத்தில் வாங்குங்கள்

உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் இருப்பதெல்லாம் ஃபைப்ரோமயால்ஜியா ஆகிவிடாது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் டி பற்றாக்குறை, முடக்குவாதத்தின் தொடக்கம் எல்லாம் இதே வேடத்தில் வரும். எனவே ரூமட்டாலஜி (மூட்டு, தசை நோய்களுக்கான பிரிவு) மருத்துவரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் துறை இருக்கிறது. வேலூர் சிஎம்சியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் 'கிளினிக்கல் இம்யூனாலஜி' என்ற பெயரில் தேட வேண்டும். அருகில் இப்படி எதுவும் இல்லையென்றால் பொது மருத்துவரிடமே தொடங்கலாம்.

உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடங்களில் வலித்தால்தான் இந்த நோய் என்பது 1990-இல் வகுத்த கணக்கு. இப்போதைய முறையில் உடம்பின் 19 பகுதிகளில் எங்கெங்கே வலி, களைப்பு எவ்வளவு, தூங்கி எழுந்தால் தெளிவு இருக்கிறதா, மறதி உண்டா என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். குறைந்தது மூன்று மாதமாவது தொடர்ந்திருக்க வேண்டும். உங்களை அழுத்திப் பார்க்கவில்லை என்று மருத்துவரைச் சந்தேகிக்காதீர்கள்.

பொதுவாக எழுதித் தரும் பரிசோதனைகள்: முழு ரத்தப் பரிசோதனை, ஈஎஸ்ஆர், சிஆர்பி (இரண்டும் உடம்பில் அழற்சி உண்டா என்று பார்க்க), டிஎஸ்எச் (தைராய்டுக்கு), வைட்டமின் டி, சிலருக்குச் சர்க்கரையும் சிபிகேயும் (தசைப் பாதிப்புக்கு). தனியார் ஆய்வகத்தில் எனக்கு 2,800 ரூபாய் ஆனது. அதில் பாதி வைட்டமின் டிக்கே போயிற்று. அரசு மருத்துவமனையில் அடிப்படைப் பரிசோதனைகளுக்குப் பணம் இல்லை. பதிலாக ஒரு முழு நாள் போகும். ஆதார் அட்டை, பழைய சீட்டுகள், காலைச் சாப்பாடு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த நோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. "எல்லாம் நார்மல்" என்று வந்ததும் நம்பிக்கையில்லாமல் அடுத்த ஊருக்குப் போய் அதே பரிசோதனைகளை மறுபடி எடுப்போம். நான் எம்ஆர்ஐ வரை போனேன். முடிவுகள் சரியாக வருவதுதான் இந்த நோயின் இலக்கணம். அதை வைத்து "ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் யாராவது சொன்னால், சீட்டில் எழுதியிருக்கும் நோயின் பெயரைக் காட்டுங்கள். எழுத்தில் வாங்குங்கள் என்று சொன்னதற்கு அது பாதிக் காரணம்.

2. ஒரு கோப்பு போடுங்கள்

மீதிக் காரணம் இது. நோயின் பெயர் எழுதிய சீட்டு, பரிசோதனை முடிவுகள், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பிசியோதெரபிக்கான பரிந்துரைக் கடிதம் ஆகிய நான்கும் ஒரே கோப்பில் இருக்கட்டும். பரிந்துரைக் கடிதத்தில் 'உடற்பயிற்சி வழிகாட்டல்' என்ற சொல் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். வெறுமனே 'பிசியோதெரபி' என்று இருந்தால் என்ன நடக்கும் என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

காப்பீட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மருத்துவமனையில் படுக்காமல் செய்யும் பிசியோதெரபிக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை; புற நோயாளிச் செலவுக்கான பிரிவு தனியாக இருந்தால்தான் வழி. புதிதாகப் பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்கவும் வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்த நோயின் பெயர் இல்லை. இந்தப் பெயரை மட்டும் வைத்துச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம்.

3. இரண்டு வாரம் எழுதுங்கள், ஒன்றும் செய்யாதீர்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு இரவும் நான்கு விஷயம் எழுதுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்றைக்குச் செய்த கடினமான வேலை எது, மாதவிடாய்க்கு எத்தனையாவது நாள்.

மூன்றாவதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. இட்லிக்கு மாவு ஆட்டி வழித்தெடுத்த நாள், போர்வை துவைத்துப் பிழிந்த நாள், கரும்பலகையின் மேல் பாதியில் கை தூக்கி எழுதிய நாள் என்று மூன்றுக்கும் மறுநாள் தோள் தீயாய் எரிந்திருக்கிறது. உடம்பு இதையெல்லாம் உடற்பயிற்சிக் கணக்கில்தான் வைக்கிறது. நாம்தான் வைப்பதில்லை. மாவு ஆட்டும் நாளில் பயிற்சியைச் சேர்க்காதீர்கள். வாரத்தில் ஒரு வேலையையாவது வீட்டில் வேறொருவர் கைக்கு மாற்றிவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும். எனக்கு அது துணி பிழிவது. என் மகன் பிழிகிறான், முணுமுணுத்துக்கொண்டே.

நான்காவதும் முக்கியம். பல பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் வலி கூடும். உங்களுக்கும் அப்படியென்றால் அந்த நாட்களில் அளவைக் கூட்டாதீர்கள். நிறுத்த வேண்டியதில்லை, கூட்டாமல் இருந்தால் போதும். மாதவிடாய் நிற்கும் வயதில் இருப்பவர்கள் அதற்குப் பதிலாகத் தூக்கத்தைக் கூர்ந்து பாருங்கள்.

4. உங்கள் அடிப்படை அளவைக் கண்டுபிடியுங்கள்

வெவ்வேறு மாதிரியான மூன்று நாட்களைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு நல்ல நாள், ஒரு நடுத்தர நாள், ஒரு மோசமான நாள். ஒவ்வொன்றிலும், வலி கூடத் தொடங்குகிறது என்று தோன்றும் வரை சமதரையில் நடந்து நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 14, 8, 5 என்று வந்தது. சராசரி 9. அதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துத் தொடங்குவது வழக்கம். மூன்று முறை சூடுபட்டவள் என்பதால் நான் பாதிக்கும் கீழே இறங்கினேன். அதுதான் அந்த நான்கு நிமிடம்.

வெட்கமாகத்தான் இருக்கும். எதிர்வீட்டு மாமி "என்ன, போன வேகத்தில் திரும்பிட்டே?" என்று கேட்டார். கேட்கட்டும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: நல்ல நாளிலும் அதே அளவுதான். இந்த நோயில் கெட்ட நாளைவிட நல்ல நாள்தான் ஆபத்து. உடம்பு லேசாக இருக்கிறதே என்று பரணைச் சுத்தம் செய்வோம், தள்ளிப்போட்ட கடைவேலையை முடிப்போம், கூடவே அரை மணி நேரம் நடப்போம். இரண்டு நாள் கழித்து வட்டியோடு கேட்கும். நோட்டைப் பாருங்கள், மோசமான நாட்களுக்கு ஒருநாள் இருநாள் முன்னால் பெரும்பாலும் ஒரு நல்ல நாள் இருக்கும்.

5. நடை: முதல் 12 வாரம்

முதல் இரண்டு வாரம் அடிப்படை அளவு மட்டும், வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. அதன் பிறகு வாரத்துக்கு ஒரு நிமிடம், அல்லது பத்தில் ஒரு பங்கு, எது பெரிதோ அதைக் கூட்டுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வலி வழக்கத்தைவிட இரண்டு புள்ளிக்கு மேல் ஏறினால் அந்த வாரம் கூட்டாதீர்கள். 15 நிமிடத்தை எட்டிய பிறகு வேகத்தைப் பற்றி யோசிக்கலாம், அதற்கு முன் வேண்டாம். வேகத்துக்கு அளவுகோல், பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். 20 முதல் 30 நிமிடம், வாரம் இரண்டு மூன்று முறை என்பதுதான் போய்ச் சேர வேண்டிய இடம். நான் அங்கே சேர ஏழு மாதம் ஆயிற்று.

நேரத்தைப் பற்றி: எல்லோரும் விடியற்காலை நடக்கச் சொல்வார்கள். காலையில் உடம்பு விறைத்திருக்கும் நமக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. மார்கழிக் குளிரில் கேட்கவே வேண்டாம். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்தோ, மாலை ஐந்து மணிக்கோ நடந்து பாருங்கள். கத்திரி வெயில் மாதத்தில் நான் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே நடந்தேன். இந்த நோய்க்குத் தரும் பிரெகாபலின் போன்ற நரம்பு வலி மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலைசுற்றல் வரலாம். அந்த மயக்கம் தெளியும் நேரத்தைப் பார்த்து நடையை வையுங்கள்.

செலவு ஒன்றுதான், ஷூ. எனக்கு 1,500 ரூபாய் ஆனது. புடவைக்குக் கீழே ஷூ போடக் கூச்சப்பட்டு ரப்பர் செருப்போடு நடந்த ஒரு மாதத்துக்குக் குதிகால் வலியைத் தனியாகச் சம்பாதித்தேன்.

கூடுதலாக நடப்பதற்காக முன்கூட்டியே வலி மாத்திரை போடாதீர்கள். வழக்கமான வலி மாத்திரைகள் இந்த நோயில் அதிகம் பயன்படுவதும் இல்லை.

6. பிசியோதெரபிஸ்டைத் தேர்ந்தெடுப்பது

என் பெரிய நஷ்டம் இங்கேதான். ஒரு தனியார் சிகிச்சை மையத்தில் 21 நாளுக்கு 9,000 ரூபாயை முன்பணமாகக் கட்டினேன். தினமும் கழுத்தில் மின்தூண்டல் கருவி, அதன்பின் ஒத்தடம், அதன்பின் "நாளை வாங்க". கருவி இருக்கும் வரை சுகமாக இருக்கும், ஆட்டோவில் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பழையபடி ஆகிவிடும். நான்காவது நாள் நிறுத்தினேன். பணம் திரும்பவில்லை.

எனவே மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். முதல் சந்திப்பில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்களா? நான் வீட்டில் செய்ய எழுதித் தருவீர்களா? மறுநாள் வலி கூடினால் என்ன மாற்றுவீர்கள்? மூன்றாவதற்கு "வலித்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நமக்குத் தினசரி அமர்வு தேவையில்லை. மாதம் ஒன்று, முதல் மாதம் மட்டும் இரண்டு என்று போய், பயிற்சியைக் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் செய்தால் போதும். இப்போது நான் போகும் இடத்தில் ஒரு முறைக்கு 500 ரூபாய். பன்னிரண்டு வாரத்துக்கு 2,000 ரூபாயில் முடிந்தது.

7. வலுப் பயிற்சி: நடை பழகிய பிறகு

"எடையா? எனக்கா?" என்றுதான் நானும் கேட்டேன். ஸ்வீடனில் இந்த நோய் உள்ள 130 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினர் 15 வாரம், வாரம் இரண்டு முறை வலுப் பயிற்சி செய்தார்கள். ஒருவர் ஒரே முறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 40 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். தளர்வுப் பயிற்சி மட்டும் செய்த பிரிவைவிட இவர்களுக்கு வலுவும் கூடியது, வலியும் குறைந்தது. வலி கூடியது போன்ற காரணங்களால் பாதியில் விட்ட ஐந்து பேரும் அந்தப் பிரிவில் உண்டு. ஆகவே இங்கேயும் அகலக்கால் வேண்டாம்.

எடை வாங்கக் கடைக்குப் போக வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரை கிலோ, ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ. முதலில் மூன்றே பயிற்சி: நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பாட்டிலைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது. ஒவ்வொன்றும் ஐந்து முறை, ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான்கு எண்ணும் அளவுக்கு ஓய்வு. வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையை ஐந்திலிருந்து எட்டுக்கும் பிறகு பத்துக்கும் உயர்த்துங்கள். பத்து எளிதான பிறகுதான் பாட்டிலை மாற்ற வேண்டும். எண்ணிக்கையையும் எடையையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது.

நாற்காலிப் பயிற்சியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் தவறாகச் செய்தது அதைத்தான். எழுவதுதான் கடினம், உட்காருவது ஓய்வு என்று நினைத்திருந்தேன். உண்மை அதற்கு நேர்மாறு. எடையைத் தாங்கியபடி தசை நீளும்போதுதான் அது அதிகம் நோகும். மலைக்கோட்டைக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் தொடையைப் பிடிப்பது இறங்கிய படிகள்தான். அதனால் முதல் மாதம் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள். இறங்கும் தூரம் குறையும். உட்காரும்போது இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கட்டும். இரண்டாம் மாதம் ஒரு தலையணையை எடுங்கள், மூன்றாம் மாதம் இன்னொன்றை.

பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்கும் பயிற்சிகள் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரப்பர் பட்டை வாங்குவதானால் இருப்பதிலேயே லேசானதை வாங்குங்கள், 300 ரூபாய்க்குள் கிடைக்கும்.

8. தண்ணீர், யோகா, தைச்சி

வெதுவெதுப்பான நீரில் செய்யும் பயிற்சி நல்ல பலன் தரும். நீர் 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். நம் ஊர் நீச்சல் குளங்கள் அப்படி இருப்பது அரிது, குளிர்ந்த நீரில் இறங்கி உடம்பை விறைக்க வைத்துக்கொள்ளாதீர்கள். தைச்சியையும் (மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சி) நடை போன்ற ஏரோபிக் பயிற்சியையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் 226 பேரிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வந்தது, தைச்சி சளைக்கவில்லை. ஆனால் கற்றுத்தர ஆள் வேண்டுமே. யோகா தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. ஆசிரியரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, மெதுவான அசைவுகளும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் போதும் என்று கேளுங்கள். சூரிய நமஸ்காரம் 12 சுற்று போடும் வகுப்பு நமக்கானது அல்ல.

9. வலி கிளம்பும் நாட்களில்

வரும். நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தாலும் வரும். தூக்கம் கெட்டாலோ கல்யாண வீட்டு அலைச்சல் இருந்தாலோ போதும். அன்று முழுதும் படுக்காதீர்கள், வழக்கமான அளவையும் செய்யாதீர்கள். பாதி செய்யுங்கள். எட்டு நிமிடம் நடப்பவர் நான்கு. எழவே முடியாவிட்டால் படுக்கையிலேயே கணுக்கால், மணிக்கட்டு, தோள் ஆகியவற்றை மெல்ல அசையுங்கள். வலி பழைய நிலைக்கு இறங்கியதும் முக்கால் அளவில் தொடங்கி ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். விட்ட நாட்களுக்குச் சேர்த்து நடக்கக் கூடாது.

சிறிது உழைத்தாலே ஒரு நாள் கழித்து நோயே முற்றியதுபோல் வாரக்கணக்கில் சாய்ந்துவிடுகிறீர்கள் என்றால், மருத்துவரிடம் சொல்லுங்கள். அது நாட்பட்ட களைப்பு நோயாக இருக்கலாம். அதற்கு இப்படிப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைப் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 முதல் பரிந்துரைப்பதில்லை.

மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் தொடர்ந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, ஒரு கை அல்லது கால் வலுவிழந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அன்றைக்கே போக வேண்டும். "இதுவும் அதே வலிதான்" என்று நாமே முடிவு செய்வது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம்.

10. பலனை எப்போது, எதை வைத்துப் பார்ப்பது

12 வாரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வலி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் மனம் உடையும், அது மெதுவாகத்தான் இறங்கும். இந்த நோயின் பாதிப்பை அளக்க 21 கேள்விகள் கொண்ட, நூற்றுக்கு மதிப்பெண் போடும் வினாத்தாள் ஒன்று உண்டு. மருத்துவரிடம் கேட்டுத் தொடக்கத்திலும் 12 வாரம் கழித்தும் நிரப்புங்கள். இந்த வகை வினாத்தாளில் 14 சதவீதம் அளவுக்குக் குறைந்தாலே உண்மையான முன்னேற்றம் என்பார்கள். எனக்கு 68 என்பது 54 ஆனது. அதே 12 வாரத்தில் என் வலி பத்துக்கு ஏழிலிருந்து ஆறுக்குத்தான் வந்திருந்தது. ஆனால் பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருக்கவில்லை. இரவில் மூன்று முறை விழித்தது ஒரு முறை ஆயிற்று.

மறு சந்திப்புக்கு நோட்டையும் இரண்டு வினாத்தாளையும் கொண்டு போங்கள். மருத்துவருக்கு உங்களோடு பேச ஐந்து நிமிடம்தான் இருக்கும். நோட்டைப் புரட்ட விடாமல், நல்ல வாரம் ஒன்று, மோசமான வாரம் ஒன்று என்று இரண்டு பக்கத்தை மடித்துவைத்து அதை மட்டும் காட்டுங்கள். மருந்தைக் குறைக்கலாமா என்ற கேள்வியை அங்கேதான் கேட்க வேண்டும், வீட்டில் தானாகக் குறைக்கக் கூடாது.